வாக்களிக்க நேரம்: நிறுவனங்கள் எப்படித் திட்டமிட வேண்டும்?

பணியாளர்கள் வாக்களிக்கப் போவதற்கு நிறுவனம் நேரம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி பல இடங்களில் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் மாலையில்தான் எழுகிறது. யாரோ ஒருவர் மேற்பார்வையாளரிடம் தயங்கியபடி அனுமதி கேட்கிறார். மேற்பார்வையாளர் மறுநாள் முடிக்க வேண்டிய வேலையைக் கணக்கிட்டுப் பார்த்துத் தனக்குத் தோன்றியதைச் சொல்கிறார். அடுத்த பிரிவின் மேற்பார்வையாளர் அதே கேள்விக்கு வேறு பதில் சொல்கிறார். இப்படி ஆளுக்கு ஆள் மாறுபடும் தயவாக இந்த நேரம் இருக்கக் கூடாது. யாரும் கேட்பதற்கு முன்பே, சம்பளப் பிடித்தம் இல்லாமல், பணி அட்டவணையில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதைச் சிறு நிறுவனம் நடத்துபவர்களையும் மனிதவளப் பிரிவில் பணிபுரிபவர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

காரணத்தை முதலில் தெளிவாக்கிக் கொள்வது நல்லது, ஏனென்றால் காரணம் புரியாத நிர்வாகம் எந்த விதியையும் ஒப்புக்குத்தான் நிறைவேற்றும். வாக்குச்சாவடி குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டுமே திறந்திருக்கிறது. அந்த நேரத்தின் பெரும்பகுதியை வேலை நேரம் எடுத்துக்கொள்கிறது. மாதச் சம்பளத்தில் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் ஒரு மணி நேரம் வெளியே போய்வந்தால் அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. இயந்திரத்தின் முன் நிற்பவரும் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்பவரும் தினக்கூலிக்கு வருபவரும் அதே ஒரு மணி நேரத்துக்காகக் கூலியை இழக்கிறார்கள். தாமதமாக வந்தவருக்கு அன்று வேலையே இல்லை என்று திருப்பி அனுப்பும் இடங்களும் உண்டு. ஆளுக்கு ஒரு வாக்கு என்று சட்டம் சமமாக வைத்தாலும், அந்த வாக்கைச் செலுத்துவதற்கு ஆகும் செலவு குறைந்த வருமானம் உள்ளவர் மீதே அதிகமாக விழுகிறது. வேலை நேரத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவரால்தான் இதைச் சரிசெய்ய முடியும்.

வாக்களிப்பது பொதுக் காரியம், அதற்கு என் கைப்பணத்திலிருந்து நான் ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கேட்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். நேர்மையான கேள்விதான், அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை அது போயிருக்கிறது. மிசௌரி மாநிலச் சட்டம் வாக்களிக்க நான்கு மணி நேரம் கொடுக்க வேண்டும் என்றும் அதற்காகச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. மாலை 4.30 வரை வேலை செய்ய வேண்டிய பணியாளர்களை டே-பிரைட் லைட்டிங் என்ற நிறுவனம் பிற்பகல் 3 மணிக்கே அனுப்பிவிட்டு, விடுபட்ட ஒன்றரை மணி நேரச் சம்பளத்தைக் கொடுக்க மறுத்தது. அரசு தன் சொத்தைப் பறிக்கிறது என்ற அந்த நிறுவனத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 1952ஆம் ஆண்டு ஏற்காமல், சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச ஊதியத்தையும் வேலை நேர வரம்பையும் போலவே இதுவும் தொழில் நடத்துவதோடு சேர்ந்து வரும் ஒரு செலவு. இது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது; எப்போது வரும் என்பதும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முதல் வேலை: உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தை அறிந்துகொள்வது

நாடுகள் இதைப் பல விதமாகக் கையாள்கின்றன. இந்தியாவில், 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் சேர்க்கப்பட்ட 135-பி பிரிவு, மக்களவை அல்லது சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை உள்ள ஒவ்வொரு பணியாளருக்கும் வாக்குப்பதிவு நாளன்று ஊதியத்துடன் விடுமுறை அளிக்கச் சொல்கிறது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது என்ற அடிப்படையில் வேலை செய்பவருக்கும் அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும் என்று அது தெளிவாகவே சொல்கிறது. மீறினால் ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். தொகை சிறியது என்பதற்காக விதியையும் சிறியதாகக் கருதும் நிர்வாகங்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

இலங்கையில் நாடாளுமன்றத் தேர்தல் சட்டம், எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் பணியாளருக்குத் தொடர்ச்சியாக நான்கு மணி நேரத்துக்குக் குறையாத விடுப்பைச் சம்பள இழப்பின்றி வழங்கச் சொல்கிறது. கனடாவில் வாக்குப்பதிவு நேரத்துக்குள் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் பணியாளருக்கு ஓய்வாகக் கிடைத்தாக வேண்டும். மலேசியச் சட்டம் மணிக்கணக்கு சொல்லாமல் 'நியாயமான நேரம்' கொடுக்க வேண்டும், சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்கிறது. சிங்கப்பூரில் வாக்களிப்பது கட்டாயம், வாக்களிப்பு நாளும் பொது விடுமுறை. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் வேலை நேரத்துக்கு வெளியே போதிய அவகாசம் இல்லாதவர்களுக்கு இரண்டு மணி நேரம் வரை சம்பளத்துடன் அனுமதிக்கின்றன. பிரிட்டனில் வேலை நேரத்தில் வாக்களிக்கப் போகும் சட்டபூர்வ உரிமை இல்லை; காலை 7 முதல் இரவு 10 வரை வாக்குச்சாவடி திறந்திருப்பதும் தபால் வாக்கு எளிதாகக் கிடைப்பதும் அதற்குச் சொல்லப்படும் நியாயங்கள்.

சட்டத்தைப் படிக்கும்போது அது எந்தத் தேர்தலைக் குறிப்பிடுகிறது என்பதையும் கவனியுங்கள். இந்தியாவின் 135-பி பிரிவு மக்களவையையும் சட்டமன்றத்தையும் மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உள்ளாட்சித் தேர்தல் வரும்போது அரசாணை வந்ததா இல்லையா என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, 'எந்தப் பொதுத்தேர்தலாக இருந்தாலும், இடைத்தேர்தலாக இருந்தாலும், உள்ளாட்சித் தேர்தலாக இருந்தாலும்' என்று நிறுவனத்தின் விதியிலேயே எழுதிவிடுவது நல்லது. சட்டம் ஒன்றுமே சொல்லாத இடத்தில் இருக்கும் நிறுவனம், கனடாவின் மூன்று மணி நேர ஏற்பாட்டைத் தன் விதியாக எடுத்துக்கொள்ளலாம். நான் பார்த்தவற்றுள் நடைமுறைக்கு மிகவும் ஒத்துவருவது அதுதான்.

விடுமுறை அறிவித்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பொது விடுமுறை நாளில் மருத்துவமனையும் பேருந்தும் மின் நிலையமும் உணவகமும் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். அங்கே வேலை செய்பவர்களுக்கு அன்று வேலை கூடுமே தவிரக் குறையாது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமையும் ஆஸ்திரேலியாவில் சனிக்கிழமையும் தேர்தல் நடத்துகிறார்கள் என்றாலும் வார இறுதியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே விடுமுறை விட்ட நிறுவனமும், அந்த விடுமுறையில் யார் யார் பணியில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து, அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக நேரம் குறிக்க வேண்டும்.

நேரத்தைக் கணக்கிடுவது

எத்தனை மணி நேரம் என்பதைத் தொழிற்கூடத்தின் வாசலிலிருந்து கணக்கிட்டால் தவறாகப் போகும். வேலையிடத்திலிருந்து வாக்குச்சாவடிக்குப் போகும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம், திரும்பி வரும் நேரம் ஆகிய மூன்றையும் சேர்க்க வேண்டும். வாக்குச்சாவடி வீட்டுக்கு அருகில் இருக்குமே தவிர வேலையிடத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதில்லை. மதிய உணவு இடைவேளையை இந்தக் கணக்கில் சேர்ப்பது அழகல்ல.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். வாக்குப்பதிவு காலை 7 முதல் மாலை 6 வரை நடக்கிறது. பணியாளருக்கு வேலை காலை 8 முதல் மாலை 5 வரை. பயணம் முக்கால் மணி நேரம். காலையில் அவருக்குக் கிடைப்பது கால் மணி நேரம், மாலையிலும் கால் மணி நேரம். காகிதத்தில் பார்த்தால் வேலைக்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு மணி நேரம் இருப்பது போலத் தோன்றினாலும் உண்மையில் அவரால் வாக்களிக்க முடியாது. இவர் காலை 11 மணிக்கு வரலாம் என்று சொல்லிவிட்டால் 7 முதல் 10.15 வரை தாராளமாக நேரம் கிடைக்கிறது, நிறுவனத்துக்கு மூன்று மணி நேரம் மட்டுமே குறைகிறது. நடுப்பகலில் போய்வரச் சொன்னால் பயணத்திலேயே ஒன்றரை மணி நேரம் கரைந்துவிடும். அதனால் வேலை நாளின் தொடக்கத்திலோ முடிவிலோ நேரம் கொடுப்பதுதான் பொதுவாக இரு தரப்புக்கும் நல்லது. வாக்குச்சாவடி பக்கத்திலேயே இருப்பவர்களை மட்டும் கூட்டம் குறைந்திருக்கும் நடுப்பகலில் அனுப்பலாம்.

முறை வைத்து வேலை நடக்கும் இடங்களில் இன்னும் கவனம் தேவை. காலை 6 முதல் பிற்பகல் 2 வரை வேலை செய்பவருக்கு மாலை வரை நேரம் இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் மாற்றாள் தாமதமாக வந்தால் முதல் முறைக்காரரையே நிறுத்திவைப்பது வழக்கமாக இருக்கும். அன்று ஒருநாள் மிகைநேர வேலை யாருக்கும் கிடையாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். இரவு முறை முடித்து வருபவருக்குப் பகல் முழுவதும் ஓய்வுதானே என்று சொல்வதும் பொருந்தாது, ஏனென்றால் பகல்தான் அவருக்குத் தூங்கும் நேரம். முந்தைய இரவின் வேலையைச் சில மணி நேரம் முன்னதாக முடித்து அனுப்புவதே அவருக்கு உண்மையான உதவி. பன்னிரண்டு மணி நேரம் காவல் காப்பவரின் நிலை எல்லோரையும்விட மோசமானது. காலை 6 முதல் மாலை 6 வரை வாசலில் நிற்பவருக்கு வாக்குப்பதிவு நேரம் முழுவதும் வேலை நேரமாகவே இருக்கிறது. அவருக்கு மாற்றாள் ஏற்பாடு செய்யாமல் நிறுவனம் முழுவதற்கும் விடுமுறை அறிவித்தாலும், பூட்டிய கதவைக் காத்துக்கொண்டு அவர் மட்டும் அங்கேயே நிற்பார்.

யார் விடுபடுகிறார்கள் என்று பாருங்கள்

விதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது நிரந்தரப் பணியாளர்களோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். துப்புரவுப் பணியாளர், காவலாளி, ஓட்டுநர், பொருள் ஏற்றி இறக்குபவர் ஆகியோர் ஒப்பந்ததாரர் மூலம் வருகிறார்கள். ஒப்பந்ததாரர் தலைக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கணக்கு அனுப்புகிறார். வாக்களிக்கப் போன நேரத்துக்கு நிறுவனம் அந்தத் தொகையைக் குறைத்தால், ஒப்பந்ததாரர் அந்தக் குறைவைத் தொழிலாளியின் கூலியில்தான் கழிப்பார். எனவே வாக்குப்பதிவு நேரத்துக்காகத் தொகை குறைக்கப்படாது என்றும், அந்த நேரத்துக்கான கூலி தொழிலாளிக்குப் போய்ச்சேர வேண்டும் என்றும் ஒப்பந்ததாரருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு கடிதம் செய்யும் நன்மையை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் எந்த வாசகமும் செய்யாது.

செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுபவருக்கு அண்மைய நாட்களின் சராசரி வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கலாம். மாதம் முழுவதும் தவறாமல் வந்தவருக்கு ஊக்கத்தொகை தரும் நிறுவனம், வாக்களிக்கப் போன நேரத்தை வராத நேரமாகக் கருதக் கூடாது. அந்த நாளுக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்ய வேண்டும் என்று கேட்பது, கொடுத்ததை மறு கையால் திரும்ப வாங்குவதுதான்.

தொலைவிலிருந்து வந்து வேலை செய்பவர்களின் வாக்கு அவர்களுடைய ஊரில் இருக்கும்போது இரண்டு மூன்று மணி நேரம் எதற்கும் உதவாது. இலங்கையில் தனியார் துறைப் பணியாளர்களுக்காகத் தேர்தல் காலங்களில் அறிவிக்கப்படும் அளவுகள் இங்கே நல்ல முன்மாதிரி: வேலையிடத்துக்கும் வாக்களிப்பு நிலையத்துக்கும் இடையிலான தூரம் 40 கிலோமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அரை நாள், 40 முதல் 100 கிலோமீட்டர் வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150க்கு மேல் இரண்டு நாள். தூரத்தை விடுப்போடு இப்படி இணைத்துவிட்டால் மேலாளரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டங்களாக நடந்தது. தொழிற்கூடம் இருக்கும் தொகுதியில் வாக்குப்பதிவு நடக்கும் நாளும் தொழிலாளியின் தொகுதியில் நடக்கும் நாளும் வேறாக இருக்கலாம். அவருக்கு வேண்டியது தன் தொகுதியின் நாளில் விடுப்பு. ஆகவே தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட வாரத்திலேயே, எந்தத் தொகுதி, எந்தத் தேதி என்ற இரண்டை மட்டும் எல்லோரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டவர்கள் தற்போது வசிக்கும் இடத்துக்குப் பெயரை மாற்றிக்கொள்ள விரும்பினால் படிவம் 8 மூலம் விண்ணப்பிக்கலாம் என்ற தகவலைப் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவைப்பது உதவும். ஆனால் எந்த ஊரில் வாக்காளராக இருப்பது என்பதில் நிர்வாகம் யாரையும் நெருக்கக் கூடாது.

அறிவிப்பை எழுதுவது

கலிபோர்னியாவில் தேர்தலுக்குப் பத்து நாள் முன்பே வாக்களிக்கும் நேரம் பற்றிய அறிவிப்பு வேலையிடத்தில் ஒட்டப்பட வேண்டும் என்பது சட்டம். எல்லா இடங்களுக்கும் அதை ஓர் அளவாக வைத்துக்கொள்ளலாம். அறிவிப்பு சுருக்கமாக இருக்கட்டும். பணியாளர்கள் பேசும் மொழிகள் எல்லாவற்றிலும் இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர்களும் இருக்கும் இடத்தில் முறை தொடங்கும்போது உரக்கப் படித்துக் காட்டுங்கள். இப்படி எழுதலாம்:

'வரும் தேர்தலில் வாக்களிக்கத் தகுதியுள்ள அனைவருக்கும், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர், தினக்கூலி பெறுபவர் என்ற வேறுபாடின்றி, அவரவர் தொகுதியில் வாக்குப்பதிவு நடக்கும் நாளில் விடுப்பு உண்டு. அன்று பணியில் இருந்தே ஆக வேண்டியவர்களுக்கு வாக்குப்பதிவு நேரத்துக்குள் தொடர்ச்சியாக மூன்று மணி நேரத்துக்குக் குறையாத அவகாசம் கொடுக்கப்படும். இதற்காகச் சம்பளமோ ஊக்கத்தொகையோ விடுப்புக் கணக்கோ குறைக்கப்படாது. அவரவர் நேரம் இந்த அறிவிப்புடன் உள்ள அட்டவணையில் குறிக்கப்பட்டுள்ளது. மாற்றம் வேண்டுபவர்கள் இரண்டு நாள் முன்னதாகத் தெரிவிக்கலாம். தெரிவிக்கவில்லை என்பதற்காக நேரம் மறுக்கப்படாது.'

கடைசி வாக்கியத்தை எடுத்துவிட வேண்டாம். முன்கூட்டியே விண்ணப்பிக்கவில்லை என்ற காரணம் காட்டி நேரத்தை மறுப்பதுதான் மேற்பார்வையாளர்களுக்கு எளிய வழியாக இருக்கிறது. அட்டவணையில் பெயரும் நேரமும் இருந்துவிட்டால் கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலோருக்கு எழாது.

கேட்கக் கூடாதவை

வாக்களித்ததற்குச் சான்று கேட்காதீர்கள். விரலில் மை இருக்கிறதா என்று வருகைப் பதிவேட்டின் முன் நின்று பார்ப்பது சிலருக்கு ஆர்வமூட்டும் செயலாகத் தோன்றலாம். ஆனால் இந்தியச் சட்டம் தேர்தல் உரிமை என்று வரையறுக்கும்போது வாக்களிக்காமல் இருக்கும் உரிமையையும் அதில் சேர்க்கிறது. விடுமுறையை வாக்களித்தவருக்கு மட்டும் என்று சட்டம் சுருக்கவும் இல்லை. வரிசையில் நின்று பெயர் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் அந்த நேரத்துக்கான சம்பளம் உண்டு.

யாருக்கு வாக்களிப்பார் என்று கேட்பதும், யாருக்கு வாக்களித்தால் தொழிலுக்கு நல்லது என்று குறிப்பாகச் சொல்வதும் கூடவே கூடாது. சம்பளம் கொடுப்பவரின் ஆலோசனை எவ்வளவு மென்மையாகச் சொல்லப்பட்டாலும் பெறுபவரின் காதில் அது கட்டளையாகவே விழும். நிறுவனத்தின் பேருந்தை வாக்குச்சாவடிப் பகுதிகளுக்கு அனுப்புவதானால் எல்லாப் பணியாளர்களுக்கும் பொதுவாக அனுப்புங்கள். அதற்கு முன் அந்த இடத்தின் தேர்தல் அதிகாரியிடம் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வாக்களித்துவிட்டு வருபவர்களுக்குப் பரிசு தரும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் கூட்டாட்சித் தேர்தல்களில் யாருக்கு என்று சொல்லாமல் வெறுமனே வாக்களிப்பதற்காகப் பணம் கொடுப்பதும் குற்றமாகும்.

விடுவிக்க முடியாதவர்கள்

சிலரை அன்று முழுவதும் விடுவிக்க முடியாது என்பது உண்மைதான். பணியாளர் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் இழப்போ ஏற்படக்கூடிய வேலைக்கு இந்தியாவின் 135-பி பிரிவு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் அணையவிடக் கூடாத உலைக்கும் பொருந்தும். அன்றைய உற்பத்தி குறையும் என்பதையோ வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்பதையோ பெரும் இழப்பாகக் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன். விலக்கு பொருந்துகிற இடத்திலும் எல்லோரையும் ஒரே நேரத்தில் விடுவிக்க முடியாது என்பதுதான் தடை. சிலர் சிலராக அனுப்புவதற்குத் தடை ஏதும் இல்லை. தேர்தல் ஆணையம் அறிவிக்கும் அத்தியாவசியப் பணிகளில் இருப்பவர்கள் படிவம் 12-டி மூலம் தபால் வாக்குக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான அவகாசம் தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்தே நாட்கள் என்பதால் மனிதவளப் பிரிவு அந்தப் படிவத்தை முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும்.

பணியாளராக இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா, வாக்குச்சாவடி எது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகு நேரத்தை எழுத்து மூலம் கேளுங்கள். தொலைபேசிச் செய்தியாக அனுப்பினாலும் போதும், பின்னால் அது ஆதாரமாகும். மறுக்கப்பட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ தேர்தல் அதிகாரியிடமோ முறையிடலாம்.

வாக்குப்பதிவு முடிந்த பிறகும் நிர்வாகத்துக்கு ஒரு வேலை மீதம் இருக்கிறது. அந்த மாதச் சம்பளப் பட்டியல் தயாரானதும், அன்று விடுப்பிலோ தாமதமாகவோ இருந்த ஒவ்வொருவரின் பெயரையும் எடுத்து, பிடித்தம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வருகையைப் பதிவு செய்யும் இயந்திரத்துக்குத் தேர்தல் தெரியாது, அது தாமதமாக வந்தவர் என்றே குறித்து வைத்திருக்கும். ஒப்பந்ததாரரின் கூலிப் பட்டியலையும் வாங்கிப் பாருங்கள். எங்காவது ஒரு வாக்குச்சாவடியில் மறுவாக்குப்பதிவு அறிவிக்கப்பட்டால் அந்தச் சாவடிக்குரிய பணியாளர்களுக்கு மீண்டும் ஒருமுறை, அதே சம்பள விதியோடு, நேரம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த அறிவிப்பு பெரும்பாலும் ஓரிரு நாள் இடைவெளியில்தான் வரும் என்பதால், முதலில் தயாரித்த தொகுதிவாரிப் பட்டியலை முடிவுகள் வெளியாகும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.